துணிக்குப் பெயர் வைத்தவர்

1

வருடத்துக்கு ஒரு முறை வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்க அக்ராவில் உள்ள அலுவலகத்துக்குப் போய் வரிசையில் உட்கார வேண்டும். கானா நாட்டுக்கு வந்த இந்தப் பதினைந்து வருடத்தில் அந்த வேலை எனக்குப் பழகிவிட்டது. எந்தத் தாளுக்கு எத்தனை நகல், போட்டோவின் பின்னணி என்ன நிறம் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். போன வாரமும் எல்லாவற்றையும் சரிபார்த்துத்தான் கொடுத்தேன். சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அதிகாரி படிவத்தைப் புரட்டிவிட்டுத் திருப்பி நீட்டினார்.

“சார், மூணாவது பக்கத்துல ஒரு கட்டம் காலியா இருக்கு.”

அவசரம் என்றால் இந்த நாட்டில் யாரைக் கூப்பிடுவது என்று கேட்கும் கட்டம் அது.

“என் மனைவி இந்தியாவுல இருக்காங்க. அவங்க நம்பரைப் போடலாமா?”

“இங்க இருக்குற ஆளா வேணும் சார். உங்களுக்கு ஒண்ணுன்னா யாராவது ஓடி வரணுமில்ல?”

நல்ல மனதோடுதான் சொன்னார். நான் படிவத்தை வாங்கிக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. ஆலையில் என்னோடு வேலை செய்பவர்கள் பதினைந்து பேருக்கு மேல் இருக்கிறார்கள். மாதாகோயிலில் ஞாயிறுதோறும் கை குலுக்குகிறவர்கள் அதைவிட அதிகம். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தால் ஓடி வரக்கூடியவர் என்று அதில் ஒரு பெயர்கூட எனக்கு எழுத வரவில்லை. கடைசியில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் வாட்ச்மேன், யாவ் என்பவனுக்கு போன் செய்து, “உன் பேரைப் போட்டுக்கட்டுமா?” என்று கேட்டேன்.

“என்ன சார், உடம்பு சரியில்லியா?” என்று பதறிப்போனான்.

அந்தக் கட்டத்தில் பல வருடம் நான் எழுதிவந்த பெயர் வேறு. மாமே எஃபுவா. மாமே என்றால் இங்கே அம்மா. அவரைப் பற்றித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே எங்களுக்குள் பேச்சு ஆங்கிலமும் ட்வி மொழியும் கலந்துதான் நடக்கும். ஆனால் என் காதுக்குள் நுழையும்போது அது கடலூர்ப் பேச்சாக மாறிவிடுகிறது. எனக்குக் கேட்டபடியே எழுதுகிறேன்.

2

என் பெயர் அருள்ராஜ். பிறந்தது சிதம்பரம். அண்ணாமலை நகரில் சட்டம் படித்தேன். எங்கள் குடும்பத்தில் கறுப்புக் கோட்டு போட்ட முதல் ஆள் நான். பதிப்புரிமைச் சட்டத்துக்கான புத்தகத்தை வாங்க வசதியில்லாமல், அட்டை முதல் அட்டை வரை ஜெராக்ஸ் எடுத்துப் படித்துத்தான் பரீட்சை எழுதினேன். அது தப்பு என்று வாத்தியாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பிறகு பத்து வருடம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கோர்ட்டுக்கு அலைந்தேன். பெரும்பாலும் வாய்தா வாங்குகிற வேலை. அப்போதுதான் கானாவில் ஒரு துணி ஆலைக்கு வணிகக்குறி, டிசைன் பதிவு எல்லாம் தெரிந்த வக்கீல் வேண்டும் என்று கேள்விப்பட்டு எழுதிப்போட்டேன். என் மனைவி விமலா, ஏழு வயது மகள் ஷீபா, நான் என்று மூன்று பேராக வந்து இறங்கினோம்.

சட்டம் எனக்குப் புதிதாக இல்லை. நம்மை ஆண்டவர்கள்தான் இவர்களையும் ஆண்டிருக்கிறார்கள். வாதி, பிரதிவாதி, சத்தியப்பிரமாணம், வாய்தா எல்லாம் மஞ்சக்குப்பத்தில் பார்த்த முகங்கள்தாம். என் வேலை இதுதான்: ஆலை புதிதாகப் போடும் பூ வேலைப்பாடு ஒவ்வொன்றையும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். அதே வேலைப்பாட்டை வேறு நாட்டில் மலிவாக அச்சடித்து, எங்கள் முத்திரையையும் போட்டு இங்கே கொண்டுவந்து விற்பவர்களைப் பிடிக்க போலீசுக்குத் துணை போக வேண்டும். எது அசல், எது போலி என்று பார்த்துச் சொல்ல வேண்டும். துணியின் கரையில் ஆலையின் பெயர் சின்ன எழுத்தில் ஓடும். போலியில் அந்த எழுத்து கொஞ்சம் தடித்திருக்கும். புரட்டிப் பார்த்தால் பின்பக்கம் வெளுத்திருக்கும். முகர்ந்தால் கஞ்சி வாடை. பத்து வினாடியில் சொல்லிவிடுவேன்.

3

மாமே எஃபுவா சந்தையில் துணிக்கடை வைத்திருந்தார். கடை என்றால் நம்மூர் கோரைப்பாய் வியாபாரி தட்டி கட்டி வைப்பாரே, அவ்வளவு இடம். கூரைவரை துணிக்கட்டு. நடுவில் ஒரு ஸ்டூல். ஷீபாவின் பள்ளிக்கூடம் அந்தச் சந்தைக்குப் பின்தெருவில் இருந்தது. விமலா அப்போது வேறொரு பள்ளியில் டீச்சர், வர ஐந்து மணி ஆகும். முதல் வருடமே ஒரு மழை நாளில் ஷீபா நனைந்துகொண்டு நின்றதைப் பார்த்து, அவர்தான் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்காரவைத்தார். அன்றிலிருந்து ஒன்பது வருடம் எங்கள் மகள் வீட்டுப்பாடம் எழுதியது அந்தத் துணிக்கட்டுகளின் மேல்தான்.

இந்த நாட்டில் ஒருவர் கிளம்பும்போது ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை. ‘வருகிறேன்’ என்றுதான் சொல்வார்கள். ஆலைக்கு வரும் வெள்ளைக்காரர்கள் இதைக் கேட்டுக் குழம்பி, எங்கே வருகிறார் என்று காத்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு மட்டும் முதல் நாளே புரிந்தது. அதை மாமே எஃபுவாவிடம் சொன்னேன். “அப்ப நீ இந்த ஊருக்காரன்தான், நெறம்தான் கொஞ்சம் பத்தல” என்றார். மதியத்தில் சந்தைப் பக்கம் வேலை இருந்தால் அவரோடுதான் சாப்பாடு. சாப்பிடும் இடத்துக்கு யார் வந்தாலும், வா சாப்பிடு என்று கூப்பிடுகிற ஊர் இது. அவரோ கூப்பிடவே மாட்டார். எனக்கும் சேர்த்தே வாங்கி வைத்திருப்பார். விமலாவின் அம்மா கீழே விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டபோது விமலா வேலையை விட்டுவிட்டுக் கடலூருக்குப் போனாள். பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. அப்படியே மஞ்சக்குப்பத்தில் வீடு பார்த்துத் தங்கிவிட்டாள். அது முதல் அந்த மதியச் சாப்பாடுதான் நான் ஒரு மனுஷரோடு உட்கார்ந்து சாப்பிட்ட சாப்பாடு.

ஆலை தன் துணிகளுக்கு வெறும் நம்பர்தான் போடும். பெயர் வைப்பது சந்தைப் பெண்கள். பெயர் பிடித்துப்போனால் துணி ஓடும், இல்லையென்றால் கிடங்கில் தூங்கும். ஒரு முறை நீலத் தரையில் மஞ்சள் கட்டங்கள் பாதி திறந்தாற்போல ஒரு டிசைன் வந்தது. மூன்று மாதம் யாரும் சீந்தவில்லை. மாமே எஃபுவா அதை விரித்துப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு ட்வியில் ஒரு வார்த்தை சொன்னார். பக்கத்துக் கடைப் பெண்கள் எல்லாம் கைதட்டிச் சிரித்தார்கள். அதற்கு அர்த்தம், மாமியார் கதவைத் திறந்துவிட்டாள்.

“புது மருமவளுக்கு மாமியா இதை வாங்கிக் குடுத்தான்னா, வீட்டுக்குள்ள வா, இனிமே ஒன் வீடுன்னு சொல்றதா அர்த்தம்” என்றார்.

அதற்கப்புறம் அந்தத் துணி இல்லாமல் கல்யாணமே இல்லை என்று ஆகிவிட்டது. ஆலை இரவும் பகலுமாக அச்சடித்தது. அந்தப் பெயரையும் வணிகக்குறியாகப் பதிவு செய்துவிடச் சொன்னார்கள். விண்ணப்பத்தை எழுதியவன் நான்தான். உரிமையாளர் யார் என்ற இடத்தில் ஆலையின் பெயரை எழுதினேன். வேறு என்ன எழுதுவது என்று அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை. பதிவுச் சான்றிதழ் வந்ததும் ஆலை அவருக்கு ஒரு துணிக்கட்டைப் பரிசாகக் கொடுத்தது. நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“என் வாயில வந்த வார்த்தைக்கு இனிமே நீ காவக்காரனா?”

4

நன்றாக ஓடுகிற துணிக்குத்தான் போலி வரும். அடுத்த வருடமே கப்பலில் வந்து இறங்கிவிட்டது. அதே நீலம், அதே கட்டம், அதே பெயர், பாதி விலை. வாங்குகிறவர்களும் தெரிந்துதான் வாங்கினார்கள். மாமே எஃபுவாவும் தெரிந்துதான் விற்றார். அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. அவருடைய துணிக்கட்டில் மேலே அசல் நாலு, அடியில் போலி பத்து என்று இருந்ததை ஒரு நாள் நானே பார்த்தேன். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் அரசு ஒரு சோதனைக் குழுவை அனுப்ப முடிவு செய்தது. புகார் கொடுத்தது எங்கள் ஆலை. அதனால் எந்தெந்தக் கடை என்ற பட்டியலின் நகல் ஒரு வெள்ளிக்கிழமை என் மேசைக்கு வந்தது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் உறையைப் பிரித்தேன். இரண்டாவது பக்கத்தில் அவருடைய கடை நம்பர் இருந்தது. சோதனை செவ்வாய்க்கிழமை காலை.

திங்கட்கிழமை மதியம் போகாமல் இருந்திருக்கலாம். போனேன். இலையில் கட்டிய பயறுச் சோறும் பொரித்த மீனும் வாங்கி வைத்திருந்தார். என் மீன் சின்னதாக இருந்தது என்று தன் மீனில் பாதியைப் பிய்த்து என் பக்கம் வைத்தார்.

“ஏன் ஒரு மாதிரி இருக்க? வீட்டுல ஏதாவது பிரச்சனையா?”

“ஒண்ணுமில்ல. தலைவலி.”

“காப்பி ஜாஸ்தி குடிக்காதன்னு சொன்னா கேக்குறியா நீ?”

சாப்பிட்டு முடித்துக் கை கழுவினேன். பத்து அடி நடந்து நின்றேன். திரும்பிப் போய், நாளைக்குக் கடையைத் திறக்காதீங்க என்று ஒரு வரி சொன்னால் போதும். கையெழுத்துப் போட்ட தாள் நினைவுக்கு வந்தது. வேலை போய்விடும், ஷீபா காலேஜில் இரண்டாம் வருடம் என்பதும் நினைவுக்கு வந்தது. நடந்து ஆலை வண்டியில் ஏறிவிட்டேன்.

மறுநாள் போலீஸ்காரர்களோடு போய் இறங்கினேன். அதிகாரி ஒவ்வொரு கட்டாகப் பிரித்து என்னிடம் நீட்டுவார். நான் கரையைப் பார்த்து அசல், போலி என்று சொல்ல வேண்டும். மாமே எஃபுவாவின் கடையில் பதினோரு முறை போலி என்று சொன்னேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடைப் பெண்கள் அழுதார்கள், சாபம் விட்டார்கள். அவரை எழுந்து வரச் சொன்னபோது எழுந்து போனார். கப்பலில் கொண்டுவந்து இறக்கியவன் யார் என்பது அந்தப் பட்டியலிலேயே இல்லை. கிடங்கு என்று யாரோ கை காட்டிய இடத்துக்கு எல்லோரும் போனோம். பூட்டு தொங்கியது.

ஜாமீனில் வந்த பிறகு அவர் என் போனை எடுக்கவில்லை. ஷீபா அவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். அடுத்த வாரம், ஹாஸ்டலில் இடம் கிடைத்துவிட்டது, படிக்க வசதி என்று பெட்டியைக் கட்டினாள். சின்ன வயதில் ‘அப்பா’ என்றவள் எப்போது ‘டாடி’ என்று மாறினாள் என்று எனக்குத் தெரியாது. ஹாஸ்டலுக்குப் போனபின் அந்த டாடியும் குறைந்து, போனில் “ஹலோ” என்று ஆரம்பித்து “ஓகே” என்று முடிந்தது.

5

அந்த வருடம் கிறிஸ்துமசுக்கு நானும் ஷீபாவும் ஊருக்குப் போனோம். கடலூரிலிருந்து விமலாவையும் கூட்டிக்கொண்டு சிதம்பரத்தில் அக்கா வீட்டில் சாப்பாடு. அக்கா வீட்டுக்காரர் ஜோசப் மாமா இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறார். முன்பு அதே இடத்தில் சினிமா சிடி கடை. எல்லாம் திருட்டு சிடிதான். பிரியாணி உள்ளே போனதும் மாமாவுக்குப் பழைய கதை கிளம்பிவிட்டது.

“ஷீபா, ஒங்கப்பன் இல்லேன்னா ஒன் மாமன் குண்டர் சட்டத்துல உள்ள போயிருப்பான், தெரியுமா? கோர்ட்டுல யாரோ பேசிக்கிட்டத காதுல வாங்கிட்டு சாயங்காலமே போன் பண்ணிட்டான். ‘மாமா, நாளைக்குக் கடையைத் தொறக்காதீங்க, ரெய்டு’ன்னான். அவ்ளோ சிடியையும் அரிசி மூட்டையில கட்டி, நம்ம சர்ச்சுல கிறிஸ்துமஸ் குடில் சாமான் போட்டு வெக்கிற ரூம் இருக்குல்ல, அங்க கொண்டு போயி மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால அடுக்கிட்டோம்ல! மறுநாளு வந்தானுங்க. கடை பூட்டிக் கெடக்குது. பக்கத்துக் கடை குமாரு மாட்டுனான் பாவம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பழக்கம். விமலா மட்டும், “புள்ளைங்க முன்னாடி பேசுற பேச்சா அண்ணா இது?” என்று அதட்டினாள். ஷீபா சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக்குப் பின் மாடியில் தனியாக நின்றவளிடம் போனேன். அவளே ஆரம்பித்தாள்.

“டாடி, மாமாக்கு போன் பண்ணீங்க. எஃபுவா ஆன்ட்டிக்கு ஏன் பண்ணல?”

“அது வேற, இது வேற. இது என் வேலை. கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

“அப்பவும் நீங்க லாயர்தானே?”

“அவரு என் அக்கா வீட்டுக்காரரும்மா.”

அவள் என் பக்கம் திரும்பினாள். பிறகு அவளுடைய தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள். “ஒன்பது வருஷம் அவங்க என்னைப் பாத்தாங்க. அவங்க நமக்கு யாரு, டாடி?”

பதில் தெரியாமல் இல்லை. கீழே மாமா, “மச்சான், பாயசம் ஆறுது, வா” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

6

இரண்டு மாதம் கழித்து அக்ராவில் வழக்கு விசாரணைக்கு வந்தது. அரசுத் தரப்பில் நான் சாட்சி. தண்டனை கடுமையாக இருந்தால்தான் மற்றவர்களுக்குப் பயம் வரும், அப்படிச் சொல்லுங்கள் என்று ஆலையின் மேலாளர் எனக்கு எழுதியே கொடுத்திருந்தார். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன்.

மாமே எஃபுவா வெள்ளைத் துணி உடுத்தி வந்திருந்தார். குற்றச்சாட்டைப் படித்துக் காட்டினார்கள். ஆலைக்குச் சொந்தமான பெயரை அனுமதியில்லாமல் பயன்படுத்தியது என்று வரும் இடத்தில், ட்வியில் அந்தப் பெயரையும் வாசித்தார்கள். மாமியார் கதவைத் திறந்துவிட்டாள். அறையில் இரண்டொருவர் தலை நிமிர்ந்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று நீதிபதி கேட்டார். “ஒத்துக்கிறேன். வித்தேன்” என்றார் அவர். வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை.

தண்டனைக்கு முன் புகார்தாரர் தரப்பில் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். நான் எழுந்தேன். கை சட்டைப்பைக்குப் போகவில்லை.

“இந்த அம்மா போலித் துணி விற்றது உண்மை. அதே சமயம், அந்தத் துணிக்குப் பெயர் வைத்ததும் இந்த அம்மாதான். அந்தப் பெயரால்தான் துணி விற்றது. பதிவு விண்ணப்பத்தை எழுதியவன் நான். அவர் பெயரை அதில் எங்கேயும் நான் எழுதவில்லை. தண்டனை கொடுக்கும்போது நீதிமன்றம் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.”

எங்கள் ஆலைக்காக வந்திருந்த வெளி வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்தது தெரிந்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இது உண்மையா?” என்று மாமே எஃபுவாவிடம் கேட்டார். “ஊருக்கே தெரியுமே” என்றார் அவர்.

ஜெயில் இல்லை. அபராதத்தோடு விட்டார்கள். பிடிபட்ட துணியை அழித்துவிட உத்தரவு. பெயர் ஆலைக்குச் சொந்தமாகவே இருக்கிறது, இன்றைக்கும். நான் சொன்னதால் சட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆலை என்னை வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. சோதனைக்குப் போக வேண்டாம், பழைய பதிவுகளைப் புதுப்பித்துக்கொண்டிருந்தால் போதும் என்று ஓர் அறையில் உட்காரவைத்துவிட்டார்கள். ஷீபாவிடம் கோர்ட்டில் பேசியதைச் சொன்னேன். “குட், டாடி” என்றாள். படிப்பை முடித்து, மேலே படிக்க இந்த வருடம் கனடா போய்விட்டாள். கடைசி இரண்டு வருடம் படிவத்தின் அந்தக் கட்டத்தில் அவள் பெயரைத்தான் போட்டிருந்தேன். விமலா போனில், “போதும், வந்துடுங்களேன்” என்கிறாள். வரலாம்தான். போன முறை மஞ்சக்குப்பம் கோர்ட்டு வாசலில் நின்றபோது என்னைத் தெரிந்தவர் ஒருவர்கூட அந்த வழியாக வரவில்லை. அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

தீர்ப்பு வந்த அன்று வெளியே வந்தேன். வளாகத்து வாசலில், சந்தைக்குப் போகும் சின்ன பஸ்ஸுக்காக மாமே எஃபுவா நின்றுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர்தான் பேசினார். குரலில் கோபம் இல்லை.

“உள்ள நல்லா பேசுன. நன்றி.”

“நான் முன்னாடியே...”

“ஒண்ணு கேக்குறேன். திங்கக்கெழமை என் பக்கத்துல ஒக்காந்து சாப்ட்டியே. அப்ப ஒனக்குத் தெரியுமா?”

பொய் சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமை ராத்திரிதான் பட்டியல் வந்தது என்று சொன்னால் நம்பியிருப்பார். நம்ப விரும்பித்தான் கேட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

“தெரியும்” என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கணக்கு ஒன்று சரியாக வந்ததுபோல, இரண்டு முறை. பஸ் வந்து நின்றது. ஏறி சன்னலோரம் உட்கார்ந்தார். நானும் அந்தப் பக்கம்தான் போக வேண்டும். படியில் ஒரு காலை வைத்தேன். அவர் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு மடியில் இருந்த கைப்பையை எடுத்து அந்த இருக்கையில் வைத்தார்.